தவில்காரரின் இடது கை

புது ஸ்பீக்கர்கள் மாட்டிய நாளிலிருந்து கலியபெருமாளின் பிக்கப் வண்டியில் வாசிக்கிற தவில்காரருக்கு இடது கை விளங்கவில்லை.

நாயனம் நன்றாகவே கேட்டது. பழைய ஸ்பீக்கரில் கேட்டதைவிடத் துலக்கமாக, வித்வான் மூச்சு வாங்குகிற இடம்கூடத் தெரிகிற அளவுக்குக் கேட்டது. ஜாலரா முன்கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. தவிலிலும் பாதி இருந்தது. தவிலுக்கு இரண்டு முகம். விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு வலது கையால் அடிப்பது வலந்தலை. அது பொரி பொரிவது போலப் படபடக்கும். இடது கையில் குச்சி பிடித்து அடிப்பது தொப்பி. அது காதில் நிற்காது, நேரே அடிவயிற்றுக்குப் போகும். வலந்தலை குறைவில்லாமல் பொரிந்தது. அடிவயிற்றுக்குப் போகவேண்டியதுதான் வந்து சேரவில்லை. யாரோ பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப்போட்டுத் தட்டுகிற மாதிரி இருந்தது.

மண்டையைக் குடைந்தது இதுதான்: கழற்றிப்போட்ட பழைய ஸ்பீக்கர்கள் இட்லி அளவு. அவற்றிலேயே அந்தத் ‘தொம்’ மெலிசாகவாவது வந்தது. புதியவை ஊத்தப்பம் அளவு. முதுகில் இருக்கிற காந்தம் எடைக்கல் கனம். அடித்தொண்டை ஓசைக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். பெரிய கூம்பு நிறையக் காற்றைத் தள்ளும். ஆகவே பெரிய ஸ்பீக்கரில் தொப்பி இன்னும் பலமாகக் கேட்டாக வேண்டும். கலியபெருமாள் போட்ட கணக்கில் பிழை இல்லை. வண்டிதான் ஒத்துக்கொள்ள மறுத்தது.

வெறும் பாட்டுக் கேட்கிற விவகாரமாக இருந்திருந்தால் வாளித் தவிலோடு அவன் காலத்தை ஓட்டியிருப்பான். அவன் பெயரல்லவா இதில் மாட்டிக்கொண்டிருந்தது.

வண்டியின் முன்கண்ணாடியில், மேல் விளிம்பில், மஞ்சள் ரேடியம் ஸ்டிக்கரில் ‘கலியபெருமாள்’ என்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் எழுதியிருந்தது. மற்றவர்கள் சாமி பெயரோ பிள்ளை பெயரோ போடுகிற இடம் அது. பதினைந்து வருஷம் அடுத்தவர் வண்டியை ஓட்டி, அடுத்தவர் குலதெய்வத்தின் பெயருக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தவன், சொந்த வண்டி வந்ததும் வேறு யார் பெயரையும் யோசிக்கவில்லை. தவளக்குப்பம் சந்திப்பில் டீ குடிப்பவர்கள் தூரத்தில் வெளிச்சம் வரும்போதே ‘கலியபெருமாள் வர்றான்’ என்பார்கள். அதைக் கேட்க அவனுக்கு அலுத்ததே இல்லை.

அந்தப் பெயரைத்தான் அவன் பந்தயத்தில் வைத்திருந்தான். வைக்கச் செய்தவன் அவன் மனைவி அஞ்சலாட்சியின் தம்பி கோபிநாத்.

கோபிநாத் முத்தியால்பேட்டையில் கார்களுக்கு டேப், ஸ்பீக்கர் மாட்டுகிற கடை வைத்திருந்தான். கல்யாணச் சீர்வரிசை ஏற்றிப்போகிற வண்டி மாமாவுடையது. கட்டிலும் பீரோவும் பின்னால் ஆட, நாயனம் முழங்கப் போனால்தான் பெண் வீட்டாருக்குத் திருப்தி. அதனால் புரட்டாசி பிறந்து கல்யாணங்கள் நின்றதும், ஐப்பசி முகூர்த்தத்துக்குள் வண்டிக்கு நல்ல ஸ்பீக்கர் போட்டுவிட வேண்டும் என்று கலியபெருமாள் கடைக்குப் போனான். கோபிநாத் பெரிய ஜோடி ஒன்றை எடுத்து நீட்டி, அக்காவுக்குத் தம்பி செய்கிற சீராக வைத்துக்கொள்ளச் சொன்னான். வண்டியை விட்டுவிட்டுப் போனால் சாயங்காலத்துக்குள் மாட்டித் தருவதாகவும் சொன்னான்.

சீரை வாங்கிக்கொண்ட கலியபெருமாள் மாட்டுவதை மட்டும் மறுத்துவிட்டான். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வதும், தெரிந்ததை அடுத்தவருக்குச் சொல்வதும் அவனுக்குச் சாப்பாடு மாதிரி. கதவைத் திறந்து வேலை பார்க்கிற பாக்கியத்தை மச்சானுக்கு விட்டுக்கொடுக்க அவன் தயாராயில்லை. கடையில் இருந்த வாடிக்கையாளர்கள் காதில் விழும்படி, இதெல்லாம் ஒரு வித்தையா, கம்பி இரண்டு, திருகாணி நாலு என்றும் சொல்லிவிட்டான்.

கடைக்காரனை அவன் கடையிலேயே வைத்து அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. கோபிநாத் முகம் மாறாமல் சிரித்தான்.

“சரி மாமா. நீங்களே மாட்டுங்க. ஆம்பிளிஃபையர் எதுவும் வைக்கக்கூடாது, இன்னொருத்தன் கை படக்கூடாது. ரெண்டு ஸ்பீக்கரும் சேந்து பாடணும், தவில் ரெண்டு பக்கமும் கேக்கணும். ஆயுத பூஜை அன்னிக்கி வர்றேன். கேட்டுதுன்னா உங்க வண்டிய நானே கழுவித் தொடச்சி மால போடறேன்.”

“கேக்கலன்னா?”

“கண்ணாடியில உங்க பேரக் கிழிச்சிட்டு எங் கட பேர ஒட்டிடறேன். உங்க வண்டி எல்லா ஊருக்கும் போவுது. எனக்கு நல்ல வெளம்பரம்.”

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அஞ்சலாட்சி தன் பக்கம் நிற்பாள் என்று கலியபெருமாள் எதிர்பார்த்தான். அவள் வெங்காயத்தை உரித்துக்கொண்டே, “உங்க பேரு போனா எந் தம்பி பேரு வருது. வீட்ட வுட்டு வெளியவா போயிடப் போவுது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மாட்டிய வேலையில் குறை சொல்ல முடியாது. ஒரு வெள்ளிக்கிழமை காலை அவன் ஆரம்பித்தான். கதவின் உட்பக்கத்து அட்டையைக் கழற்றுவதற்கு முன் கண்ணாடியை முழுக்க இறக்கிப் பார்த்தான்; கண்ணாடி எதுவரை இறங்குகிறது என்று தெரியாமல் ஸ்பீக்கரை வைத்தால், முதல் மழையில் கண்ணாடி போய்க் காந்தத்தில் முட்டி நின்றுவிடும். வட்டம் வரைந்து, ஹாக்சா பிளேடால் மெல்ல அறுத்து, விளிம்பை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தான். அதுவரைக்கும் ஸ்பீக்கர் இரண்டையும் வாசலில் செய்தித்தாள் விரித்துக் கவிழ்த்து வைத்திருந்தான். கூம்பு காகிதத்தால் ஆனது, விரல் பட்டால் குழிந்துவிடும் என்பதால் முகம் கீழே, முதுகு மேலே. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் காந்தங்கள் ஒன்றையொன்று இழுத்ததால் கம்பி மாட்டுகிற பக்கத்தைத் தலையாக வைத்து, ஒன்றைக் கிழக்கே தலைவைத்தும் மற்றதை மேற்கே தலைவைத்தும் தள்ளித் தள்ளிப் படுக்கவைத்தான்.

திருப்புளி எடுக்க அவன் உள்ளே போயிருந்த நேரத்தில் அஞ்சலாட்சி சந்தனக் கிண்ணத்தோடு வந்து, புதுப்பொருளுக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டுப் போனாள். காந்தத்தில் பெரிய பொட்டு. பக்கவாட்டில், கம்பி மாட்டுகிற இரண்டு தகரக் காதுகள் இருக்கிற சின்னப் பட்டையில் சந்தனத் தீற்றலும் ஒரு குங்குமமும். மிக்சி வந்தாலும் சைக்கிள் வந்தாலும் அவள் செய்வது இதுதான். வைத்த பொட்டை யாரும் துடைப்பதில்லை. அது தானாக உதிர்கிற வரைக்கும் இருக்கும். அந்த வீட்டு மின்விசிறியில் போன பொங்கலுக்கு முந்தின பொங்கல் பொட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

கம்பி மாட்டும்போது உதவிக்கு நின்றவர் பக்கிரி. கலியபெருமாளைவிட வயதில் மூத்தவர். வண்டியில் சுமை ஏற்றி இறக்குகிற லோடுமேன். அவருக்குக் கலியபெருமாள் சாவகாசமாக விளக்கினான். காந்தத்துக்கு நடுவே செப்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. சுருளில் கரண்டு ஒரு திசையில் போனால் கூம்பு முன்னால் வரும், எதிர்த்திசையில் போனால் பின்னால் போகும். இப்படி முன்னும் பின்னும் ஆடுகிற ஆட்டம்தான் பாட்டு. அதனால் எந்தக் கம்பி எந்தக் காதில் என்பதை மாற்றிவிடக்கூடாது. சிவப்புக் கம்பி போகவேண்டிய காதுக்குப் பக்கத்தில் கம்பெனிக்காரனே சிவப்புப் புள்ளி வைத்து அனுப்புகிறான். “சிவப்புக்குச் சிவப்பு. அவ்ளோதாண்ணே” என்று காட்டிக் காட்டி மாட்டினான். இரண்டு ஸ்பீக்கரிலும் பட்டையில் சிவப்புப் பொட்டு பளிச்சென்று இருந்தது. இத்தகைய விளக்கங்களின்போது கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டே தூங்குகிற பழக்கம் பக்கிரிக்கு வெகுநாளாக உண்டு. அவர் தலையை ஆட்டினார்.

இவ்வளவு முறையாகச் செய்தும் தவில்காரருக்குக் கை விளங்கவில்லை.

கலியபெருமாள் சும்மா இருக்கவில்லை. கூம்பு முன்னால் தள்ளுகிற காற்று, கதவின் ஓட்டைகள் வழியே சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டால், முன்னால் தள்ளியதும் பின்னால் இழுத்ததும் சேர்ந்து ஒன்றுமில்லாமல் போகும். தாழ்ந்த ஓசைதான் முதலில் அடிபடும். இது உண்மை. கதவின் உள்ளே தகரத்தில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டைகள் இருந்ததும் உண்மை. தார் ஷீட் வாங்கிவந்து, சூடுகாட்டி, ஒவ்வொரு ஓட்டையாக ஒட்டி அடைத்தான். கதவைத் தட்டினால் முன்பு தகர டப்பா போல ஒலித்தது இப்போது மரக்கதவு போல ஒலித்தது. தவில் வாளியாகவே இருந்தது.

அஞ்சலாட்சி அவன் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு, ஊர்க் கண் பட்டிருக்கும் என்று எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து வண்டியின் முன்னால் கட்டிவிட்டாள். கலியபெருமாளுக்குச் சிரிப்பு வந்தது. ஒலிக்கும் எலுமிச்சைக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்கு நிதானமாக விளக்கப் பார்த்தான். அவள் அடுப்பில் குழம்பு இருப்பதாகச் சொன்னாள்.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு, கோரிமேட்டுக்கு வீடு மாறிப் போகிற ஒரு குடும்பத்தின் சாமான்களை ஏற்றிக்கொண்டு இருவரும் புறப்பட்டார்கள். மழை தூறியதால் மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தது. அரியாங்குப்பத்தில் டீ குடிக்க நிறுத்தினார்கள். குடித்துவிட்டு ஏறிய பக்கிரி வழக்கம்போலக் கதவை அறைந்து சாத்தினார். அவருக்குக் கதவைச் சாத்துவது என்றால் வண்டியே ஒருமுறை குலுங்க வேண்டும்.

வண்டி நகர்ந்து பாட்டு ஓடியது. தொம்.

கலியபெருமாள் காதைத் தீட்டிக்கொண்டான். மறுபடியும் தொம். தவில்காரர் இடது கையை வீசி வாசித்துக்கொண்டிருந்தார். இருக்கைக்கடியில் அதிர்வு தெரிந்தது.

தார் ஷீட் இப்போதுதான் காய்ந்து இறுகியிருக்கிறது என்று அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. மரப்பாலம் தாண்டும்வரை அதைப் பக்கிரிக்கும் விளக்கினான். சூட்டில் இளகின தார் மறுபடி கெட்டிப்பட நாளாகும். கெட்டிப்பட்டால்தான் காற்றை அடைக்கும். கேட்கவே அழகாக இருந்தது. பொறுமை இல்லாதவர்கள்தான் கடைக்காரனிடம் போவார்கள் என்று முடித்தான். முடித்த வேகத்தில், சாமான்களை இறக்கப் போகாமல், வண்டியை முத்தியால்பேட்டைப் பக்கம் திருப்பினான். ஆயுத பூஜை வரைக்கும் பொறுக்க அவனால் முடியவில்லை.

கடை வாசலில் வண்டியை நிறுத்தி, ஜன்னல்களை இறக்கி, சத்தத்தைக் கூட்டினான். கோபிநாத் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். பக்கத்து டயர் கடைக்காரரும் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் வந்தார்கள். கோபிநாத் ஓட்டுநர் பக்கம் நின்று கேட்டுவிட்டு, ஒத்துக்கொள்வதுபோல் தலையை ஆட்டினான். பிறகு சுற்றிவந்து இடது கதவில் காதை வைத்தான். வைத்த காதை எடுக்கவேயில்லை.

“மாமா, இது பாடலியே.”

இடது ஸ்பீக்கர் ஊமையாகக் கிடந்தது. அட்டையைக் கழற்றிப் பார்த்தார்கள். பக்கிரி அறைந்த அறையில் ஒரு கம்பி காதைவிட்டு உருவிக்கொண்டு தொங்கியது. இவ்வளவு தூரம் முழங்கி வந்தது வலது பக்கத்து ஸ்பீக்கர் ஒன்று மட்டும்தான்.

கோபிநாத் கம்பியைத் தொடவில்லை. இன்னொருத்தன் கை படக்கூடாது என்பது அவன் போட்ட நிபந்தனைதானே. கலியபெருமாளே அதை எடுத்து இருந்த இடத்தில் செருகினான். செருகிய நொடியில் தொப்பி நின்றுபோய், வாளி திரும்பி வந்தது. உருவினான், தொம். செருகினான், வாளி. டயர் கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார்.

“ஒண்ணு பாடுனா தவிலு. ரெண்டு பாடுனா வாளி” என்றான் கோபிநாத். “ஒத்த ஸ்பீக்கர்ல ஓட்டறதுக்கு ரெண்டு எதுக்கு மாமா? ஒண்ணத் திருப்பிக் குடுத்துடுங்களேன்.” பிறகு குனிந்து ஸ்பீக்கரின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தான். “அக்கா பூசையெல்லாம் அமக்களமாப் பண்ணிருக்கு” என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பு கொஞ்சம் நீளமாக இருந்ததைக் கலியபெருமாள் கவனித்தான். அவமானத்தில் இருந்தவனுக்கு எல்லாச் சிரிப்பும் நீளமாகத்தான் தெரியும் என்று விட்டுவிட்டான்.

கோரிமேடு போகும் வழியெல்லாம் பாட்டு இல்லை. கோபத்தை எங்கே இறக்குவது என்று தெரியாமல் பக்கிரிமேல் இறக்கினான். மனுஷன் கதவு சாத்துவது போலவா சாத்துகிறார், எருமை முட்டுவது போலல்லவா முட்டுகிறார் என்றான்.  இறங்கும்போது பக்கிரி, வேண்டுமென்றே, குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல் கதவை மெதுவாகச் சாத்தினார். அது சரியாகச் சாத்திக்கொள்ளாமல் திறந்துகொண்டது.

சாமான்களை இறக்கிமுடித்தபோது வெயில் வந்துவிட்டது. நனைந்த தார்ப்பாயை உதறி மடிக்க வேண்டும். இருவரும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரும் புதிருமாக நின்றார்கள். எப்போதும் செய்கிற வேலை: இரண்டு பேரும் ஒன்றாகத் தூக்கி, ஒன்றாக இறக்கினால், நடுவில் காற்றுப் புகுந்து வயிறு உப்பி, ‘தொம்’ என்று அறைந்து, தண்ணீர் எல்லாம் ஒரே அடியில் தெறித்துப்போகும்.

அன்றைக்குப் பக்கிரி கோபமாக இருந்தார். கலியபெருமாள் தூக்கும்போது அவர் இறக்கினார். அவன் இறக்கும்போது அவர் தூக்கினார். இருவருமே பலமாகத்தான் உதறினார்கள், தோள் வலித்தது. ஆனால் தார்ப்பாயின் நடுப்பகுதி அசையாமல் அப்படியே நின்றது. தண்ணீர் தேங்கியது தேங்கியபடி இருந்தது. ஓரங்கள் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டன. தொம் இல்லை.

“சேந்து தூக்குண்ணே” என்று சொல்ல வாயெடுத்த கலியபெருமாள் பாதியில் நிறுத்திவிட்டான்.

இரண்டு பேர். இருவருக்கும் பலம் உண்டு. தனியாக யார் உதறினாலும் நடுப்பகுதி ஆடும். சேர்ந்து, ஆனால் எதிரெதிராக உதறினால், ஒருவன் கொடுத்ததை இன்னொருவன் எடுத்துக்கொள்கிறான். ஓரத்துப் படபடப்பு சின்ன அலை. அது அவரவர் கைக்குப் பக்கத்திலேயே அடித்துக்கொண்டு பிழைத்துவிடுகிறது. நடுவில் எழும்ப வேண்டிய பெரிய அலைதான் செத்துப்போகிறது. வலந்தலை கேட்கிறது; தொப்பி கேட்கவில்லை.

“ஒரு தடவ அதே மாரி செய்ண்ணே” என்றான்.

“எந்த மாரி?”

“கோவமா.”

பக்கிரி முனையைக் கீழே போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அப்படியானால் வலது கதவின் கூம்பு முன்னால் வருகிற அதே நேரத்தில் இடது கதவின் கூம்பு பின்னால் போகிறது. அது நடக்க வேண்டுமென்றால் ஒரு ஸ்பீக்கரில் கம்பிகள் மாறியிருக்க வேண்டும். ஆனால் மாறவில்லை. சிவப்புக்குச் சிவப்பு. அவன் கையால் மாட்டியது, பக்கிரி சாட்சி. ஒரு தடவைக்கு நாலு தடவை பார்த்தாயிற்று. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சந்தேகமே கிடையாது என்பதால்தான் கதவு முழுக்கத் தார் ஒட்டினான்.

ஆயுத பூஜையன்று விடிந்ததும் இரண்டு கதவின் அட்டைகளையும் கழற்றினான். டார்ச் லைட்டிலிருந்து ஒரு பேட்டரிக் கட்டையை எடுத்துக்கொண்டான். இது எவரும் செய்யக்கூடிய சோதனை. ஸ்பீக்கரின் கம்பிகளை உருவிவிட்டு, கட்டையின் குமிழ்ப் பக்கத்தைச் சிவப்புப் புள்ளி உள்ள காதிலும், தட்டைப் பக்கத்தை மற்றக் காதிலும் ஒரு கணம் தொட்டு எடுக்க வேண்டும். ‘டக்’ என்று சத்தம் வரும். கூம்பு முன்னால் வரும். வலது கதவில் தொட்டான். டக். கூம்பு முன்னால் வந்தது. இடது கதவில், அதே கட்டை, அதே பக்கம், சிவப்புப் பொட்டில் வைத்துத் தொட்டான். டக். கூம்பு உள்ளே போனது.

மறுபடி தொட்டான். மறுபடி உள்ளே போனது. சிவப்புப் பொட்டு பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

வண்டியிலிருந்து இறங்கி வந்து, கழற்றிப்போட்ட பழைய ஸ்பீக்கர்கள் இரண்டையும் செய்தித்தாளில் கவிழ்த்து வைத்தான். ஒன்று கிழக்கே தலை, ஒன்று மேற்கே தலை, அன்றைக்கு வைத்த மாதிரியே. பூஜைக்குச் சந்தனம் இழைத்துக்கொண்டிருந்த அஞ்சலாட்சியைக் கூப்பிட்டான்.

“அன்னிக்கி எப்படிப் பொட்டு வச்சியோ அப்படியே வை.”

அவள் சந்தேகமாகப் பார்த்தாள். “ஏன், நான் வச்சதுல இன்னா கொற?”

“கொற இல்ல. வையி, பாப்பம்.”

அவள் உட்கார்ந்தாள். மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு, பட்டையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தீற்றினாள். அதன்மேல், தன் வலக்கைப் பக்கத்து ஓரத்தில் ஒரு குங்குமம் வைத்தாள். அடுத்ததற்கு நகர்ந்தாள். அதே தீற்றல், அதே வலக்கைப் பக்கம், அதே குங்குமம். அவள் கையில் துளி மாற்றமில்லை. மாறியிருந்தது ஸ்பீக்கர் படுத்திருந்த திசை. முதலாவதில் குங்குமம் கம்பெனி வைத்த சிவப்புப் புள்ளியின் மேலேயே அச்சாக உட்கார்ந்தது. இரண்டாவதில் கம்பெனிப் புள்ளி சந்தனத்துக்கடியில் புதைந்துபோக, எதிர்க்காதில் குங்குமம் ஜம்மென்று இருந்தது.

கலியபெருமாளுக்கு இரண்டு விஷயம் ஒன்றாக விளங்கின. ஒன்று, அவன் மாட்டியது கம்பெனிக்காரன் சொன்னபடி இல்லை, பெண்டாட்டி சொன்னபடி. இன்னொன்று, முத்தியால்பேட்டையில் கோபிநாத் சிரித்த சிரிப்பு ஏன் அவ்வளவு நீளமாக இருந்தது என்பது.

“சரியாத்தான வச்சிருக்கேன்?” என்றாள் அஞ்சலாட்சி.

வாழ்க்கையில் இதைவிட அழகாக விளக்கக்கூடிய சங்கதி அவனுக்குக் கிடைத்ததில்லை. காந்தம், சுருள், சந்தனம், கிழக்கு, மேற்கு எல்லாம் வரிசையாக நாக்கு நுனியில் நின்றன. அவள் முகத்தைப் பார்த்தான். பூஜை நாள். கையில் சந்தனக் கிண்ணம்.

“ரொம்பச் சரி” என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டிக்குப் போனான்.

இடது ஸ்பீக்கரில் இருந்த பொட்டை அவன் துடைக்கவில்லை. அந்த நாளில் எவன் துடைப்பான்? சிவப்புக் கம்பியைச் சந்தனத்தின்மேல் செருகினான், கறுப்புக் கம்பியைக் குங்குமத்தின்மேல் செருகினான். அட்டைகளை மூடித் திருகாணிகளை முடுக்கினான். அஞ்சலாட்சி கிண்ணத்தோடு வண்டிக்கு வருவதற்குள் அதை முடித்துவிட வேண்டும் என்பதில் குறியாயிருந்தான்.

கோபிநாத் சுருட்டிய ஸ்டிக்கரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது, பக்கிரி குளித்து நெற்றியில் பட்டை போட்டுக்கொண்டு வண்டி ஓரமாக நின்றிருந்தார். அஞ்சலாட்சி டயருக்கு எலுமிச்சம்பழம் எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். கோபிநாத் மரியாதைக்குக்கூட உட்காரவில்லை. நேரே முன்கண்ணாடிக்குப் போய், மஞ்சள் எழுத்தின் ‘க’வை நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

கலியபெருமாள் பாட்டைப் போட்டான்.

தொம் என்று வந்தது. சுரண்டின விரல் கண்ணாடியின் அதிர்வை உணர்ந்து நின்றது. நாயனம் ஏறியது, வலந்தலை பொரிந்தது, தொப்பி அதன் கீழே தரையைப் போட்டுக்கொண்டு போனது. கோபிநாத் சுற்றிவந்து இடது கதவில் காதை வைத்தான். பாடியது. வலது கதவில் வைத்தான். பாடியது. இருக்கைக்கடியில் ஆம்பிளிஃபையர் ஏதும் ஒளித்து வைத்திருக்கிறதா என்று குனிந்து கையைவிட்டுத் துழாவினான். ஒரு பழைய செருப்பு கிடைத்தது.

வாளியில் தண்ணீர் தயாராக இருந்தது. கலியபெருமாள் துணியை எடுத்து மச்சான் தோளில் போட்டான்.

“இன்னா பண்ணீங்க மாமா?” என்றான் கோபிநாத்.

“நான் பழம் கட்டிவுட்டேன்டா” என்றாள் அஞ்சலாட்சி. “அதுலேந்துதான் சரியாச்சி.”

“நான் கதவ மெதுவாச் சாத்துறேன் இப்ப” என்றார் பக்கிரி.

கோபிநாத் அக்காவின் கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தைப் பார்த்தான். பிறகு மாமாவைப் பார்த்தான். முழு விளக்கமும் வரப்போகிறது என்று பக்கிரி கண்களை அகலத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கத் தயாரானார்.

“எடது கதவு ஸ்பீக்கர்ல ரெண்டு ஒயரும் எடம் மாறி இருந்துச்சி, மச்சான்” என்றான் கலியபெருமாள். “மாத்தி மாட்டுனேன். தவில் வந்துடுச்சி.”